பிரசவ லீவு, தொட்டில் ரூம், கையெழுத்துப் பேப்பர்: பனியன் கம்பெனிப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

திருப்பூரில் 17 வருடம் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைத்தவள் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சங்க ஆபீசில் இருக்கிறேன். வருகிற பெண்களில் பாதிப் பேர் மாசமாக இருப்பவர்கள், இல்லையென்றால் கைக்குழந்தையோடு வருபவர்கள். கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றேதான். ஒருத்திக்குச் சொன்னதையே அடுத்தவளுக்கும் சொல்லிச் சொல்லி, சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, பிரசவத்துக்கு எத்தனை நாள் லீவு? சம்பளத்தோடவா?

சம்பளத்தோடுதான். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதாவது ஆறு மாதம். டாக்டர் சொல்லும் தேதிக்கு முன்னால் 8 வாரம் வரை எடுத்துக்கொள்ளலாம், மீதி பிரசவத்துக்குப் பிறகு. உடம்பு ஒத்துழைத்தால் முன்னால் குறைவாக எடுத்து, குழந்தையோடு கூடுதல் நாள் இருக்கலாம். அது உங்கள் முடிவு.

1961ஆம் ஆண்டு மகப்பேறு பயன்கள் சட்டத்தில் இது 12 வாரமாக இருந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் 26 வாரம் ஆனது. "மூணு மாசம்தான் லீவு" என்று சூப்பர்வைசர் சொன்னால் அது பழைய கணக்கு. பிரசவம் ஆன முதல் 6 வாரம் கம்பெனி உங்களுக்கு வேலை தரவே கூடாது. ஆர்டர் அவசரம் என்று கூப்பிட்டாலும் சரி, நீங்களே வருகிறேன் என்றாலும் சரி.

நான் பெர்மனென்ட் இல்லீங்க. வாரச் சம்பளம். எனக்கெல்லாம் கிடைக்குமா?

கிடைக்கும். இந்த ஒரு கேள்வியை மட்டும் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். நிரந்தரம், டெம்பரவரி, வாரக்கூலி, பீஸ் ரேட் என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடமா, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அங்கே 80 நாள் வேலை செய்திருக்கிறீர்களா, இரண்டையும்தான் பார்க்கும். தொழிற்சாலை என்றால் 10 பேர் கணக்கும் முக்கியமில்லை.

டெல்லி மாநகராட்சியில் ரோடு போடவும் பள்ளம் தோண்டவும் தினக்கூலிக்குப் போன பெண்கள் இதே கேள்வியோடு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். நீங்கள் மஸ்டர் ரோல், அதாவது தினக்கூலிப் பதிவேட்டு ஆட்கள், உங்களுக்குப் பிரசவ லீவு கிடையாது என்று மாநகராட்சி சொன்னது. தினக்கூலிப் பெண்ணுக்கும் உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2000ஆம் ஆண்டு மார்ச் 8, மகளிர் தினத்தன்று. கைமடிக்கிற பெண்ணுக்கும், செக்கிங் பெண்ணுக்கும், நூல் பிசிறு வெட்டுகிற பெண்ணுக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும்.

80 நாளை எப்படிக் கணக்குப் பண்றது? ஆர்டர் இல்லைன்னு வீட்டுக்கு அனுப்பின நாள் சேருமா?

சேரும். வேலை இல்லை என்று லே-ஆப் கொடுத்த நாளும், சம்பளத்தோடு விடுகிற சட்டப்படியான விடுமுறை நாளும் 80க்குள் வரும். ஆனால் ஒன்றரை ஷிப்ட் பார்த்தாலும் கணக்கில் ஒரு நாள்தான்.

ஒரு பெண் வந்தாள். கம்பெனிக் கணக்கில் 74 நாள் என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைச் சுருட்டி எடுத்து வந்திருந்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் 1, 1½ என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, ஆள் வர வேண்டாம் என்று சொன்ன நாளுக்கு ஒரு வட்டம். உட்கார்ந்து எண்ணினோம். வட்டம் போட்டதையும் சேர்த்தால் 83. அந்தக் காலண்டரை வைத்துப் பேசித்தான் அவளுக்குப் பணம் வந்தது. அன்றிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது, எழுதி வையுங்கள் என்பதைத்தான். சம்பளக் கவர், ஜிபேயில் வந்த பணம், ஐடி கார்டு போட்டோ, "நாளைக்கு வாம்மா" என்று மேஸ்திரி போட்ட வாட்ஸ்அப் செய்தி, எல்லாமே சாட்சிதான்.

சம்பளத்துல இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்க. அப்ப லீவுப் பணம் கம்பெனி தருமா, இ.எஸ்.ஐ. தருமா?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் நீங்கள் இருந்தால் பணம் இ.எஸ்.ஐ.யில் இருந்து வரும், உங்கள் வங்கிக் கணக்குக்கே. அதே 26 வாரம்தான். சராசரி தினச் சம்பளம் முழுதாகக் கிடைக்கும், பாதி இல்லை. அங்கே 80 நாள் கணக்கு வேறு மாதிரி: முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களிலும் சேர்த்து 70 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று.

இ.எஸ்.ஐ. இல்லாத இடத்திலும், சம்பளம் 21,000க்கு மேல் போனவர்களுக்கும் கம்பெனிதான் தர வேண்டும். கடைசி மூன்று மாதச் சம்பளத்தின் சராசரியை எடுப்பார்கள், பீஸ் ரேட்டுக்கும் அப்படியே. பிரசவத்துக்கு முந்தைய பகுதியை முன்பணமாகவும், மீதியைக் குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் தர வேண்டும். இலவசமாக மருத்துவ வசதி செய்து தராத கம்பெனி 3,500 ரூபாய் மருத்துவ போனஸும் சேர்த்துத் தர வேண்டும்.

பிடிக்கிறது பிடிக்கிறாங்க, ஆனா கட்டவே இல்லைன்னு தெரியுது. என் பணம் போச்சா?

போகவில்லை. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்து, முதலாளி பங்கு 3.25 சதவீதம் சேர்த்துக் கட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு. கட்டாமல் விட்டதால் உங்களுக்குப் பயன் கிடைக்காமல் போனால், இ.எஸ்.ஐ. நிறுவனமே உங்களுக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது குற்றமும்கூட.

அதனால்தான் இன்சூரன்ஸ் நம்பரைக் கையில் வைத்திருக்கச் சொல்கிறேன். கல்யாணம் ஆன உடனேயே ஒரு தடவை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் போய், எத்தனை நாள் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஏழாம் மாதத்தில் போய்ப் பார்த்து அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஞாயித்துக்கிழமைக்கும் பணம் உண்டா? எங்க கணக்குப்பிள்ளை கிடையாதுங்கறார்.

உண்டு. இதற்கு நம் பக்கத்து வழக்கே இருக்கிறது. ஆனைமலைத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு 12 வார லீவுப் பணத்தில் ஞாயிறுகளைக் கழித்து, வாரம் ஆறு நாள் என்று போட்டுக் கொடுத்தார்கள். அந்த அம்மா விடவில்லை. கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிற்றுக்கும் பணம் தர வேண்டும் என்று 1977இல் தீர்ப்பு வந்தது. தோட்டத்தில் கொழுந்துக் கூடை சுமக்கிற பெண்ணுக்குப் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைச் சம்பளம் சின்ன விஷயமா? அதை அவர் கேட்டதால்தான் இன்று இந்தியா முழுக்கப் பெண்கள் ஞாயிற்றுக்கும் சேர்த்து வாங்குகிறார்கள்.

மாசமா இருக்கேன்னு சொன்னா நிறுத்திருவாங்களோன்னு பயம். எப்பச் சொல்றது?

பயம் எனக்குப் புரிகிறது. என் முதல் பிள்ளைக்கு ஆறாம் மாதம் வரை துப்பட்டாவை இறக்கிப் போட்டு மறைத்தவள்தான் நானும். தெரிந்த மறுநாளே மெஷினில் இருந்து எழுப்பி, நாள் முழுக்க நிற்கிற அயர்ன் டேபிளுக்கு அனுப்பினார்கள். தானாக நின்றுவிடுவாள் என்று கணக்கு. அப்போது எனக்குச் சட்டம் எதுவும் தெரியாது. நின்றுவிட்டேன்.

பிரசவ லீவில் இருக்கும்போதோ, லீவு எடுத்த காரணத்துக்காகவோ வேலையை விட்டு நீக்குவது சட்ட விரோதம். லீவில் இருக்கும்போது உங்களுக்குப் பாதகமாக வேலை நிபந்தனையை மாற்றவும் கூடாது. கடைசிக் கட்டத்தில், பிரசவத் தேதிக்கு ஆறு வாரத்துக்கு முந்தைய ஒரு மாதத்தில், பாரமான வேலையோ நீண்ட நேரம் நிற்கிற வேலையோ வேண்டாம் என்று நீங்கள் கேட்டால் அதைத் தரக் கூடாது. எனக்கு நடந்தது இன்று உங்களுக்கு நடந்தால் கேட்க இடம் இருக்கிறது.

எப்போது சொல்வது என்றால், ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எழுத்தில் சொல்லுங்கள். எந்தத் தேதியிலிருந்து லீவு, பணத்தை யார் பெயருக்குத் தர வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம் போதும். அதன் நகலில் வாங்கியவர் கையெழுத்தோ, வாட்ஸ்அப்பில் அனுப்பி நீல டிக்கோ வாங்கி வையுங்கள். கடிதம் கொடுக்காமலே பிரசவம் ஆகிவிட்டாலும் உரிமை போகாது. பிறகும் கொடுக்கலாம்.

நான் ஏற்கெனவே "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்"னு கையெழுத்துப் போட்டுட்டேனே. இனி ஒண்ணும் பண்ண முடியாதா?

முடியும், கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும். வேலைக்குச் சேரும்போதே வெற்றுப் பேப்பரில் கையெழுத்து வாங்கி வைக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. ஏழாம் மாதம் வந்ததும் அதில் மேலே நாலு வரி எழுதிக்கொள்வார்கள். கையெழுத்து நீலம், எழுத்து கறுப்பு, தேதி வேறு கை என்று பார்த்தவுடனே தெரியும். அந்தப் பேப்பர் எப்படி வந்தது என்பதை நீங்கள் சொல்ல வேண்டும்: எந்த நாள், யார் முன்னால், என்ன சொல்லி வாங்கினார்கள். அன்று உங்கள் பக்கத்து மெஷினில் இருந்தவள் யார்?

இதில் நாள் கடத்தாதீர்கள். மறுவாரமே புகார் கொடுத்தால், கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்பதை நம்ப வைப்பது எளிது. எங்கே கொடுப்பது என்பது கீழே இருக்கிறது.

காண்ட்ராக்ட் முடிஞ்சு போச்சு, அதனால லீவும் முடிஞ்சுதுங்கறாங்க. சரியா?

சரியில்லை. டெல்லியில் ஒப்பந்த டாக்டர் ஒருவருக்கு இதே நடந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த நாளோடு லீவுப் பணத்தையும் நிறுத்தினார்கள். 2023 ஆகஸ்ட் மாதம் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்றது: தகுதி வந்த பிறகு, ஒப்பந்தம் முடிந்தாலும் மகப்பேறு பயன் முழுதாகக் கொடுக்க வேண்டும். தகுதி என்பது மேலே சொன்ன அதே 80 நாள்.

கரு கலைஞ்சிருச்சு அக்கா. வெளிய சொல்லவே கூச்சமா இருக்கு. ரெண்டு நாள்ல வேலைக்கு வான்னு சொல்றாங்க.

ஆறு வாரம், சம்பளத்தோடு. இதுவும் சட்டம்தான். இ.எஸ்.ஐ.யிலும் இருக்கிறது. டாக்டர் கொடுத்த சீட்டு மட்டும் வேண்டும். அந்தச் சீட்டை மேஸ்திரியிடம் காட்ட வேண்டியதில்லை, ஆபீசில் கொடுத்தால் போதும். அதனால் உடம்புக்கு முடியாமல் போனால் இன்னும் ஒரு மாதம் வரை கூடக் கேட்கலாம். வீட்டில் படுத்திருங்கள், கண்ணு. ரத்தப்போக்கோடு பத்து மணி நேரம் மெஷினில் உட்கார்ந்து, சாயங்காலம் மயங்கி விழுந்தவளை ஆட்டோவில் கூட்டிப்போன நாள் எனக்கு மறக்கவில்லை.

மூணாவது குழந்தைக்கு ஒண்ணும் கிடையாதாமே?

12 வாரம் உண்டு. உயிரோடு இரண்டு குழந்தைகள் இருந்தால் 26 வாரம் 12 ஆகக் குறைகிறது, மற்றபடி உரிமை அப்படியே இருக்கிறது. இதில் பிரசவத்துக்கு முன்னால் 6 வாரம் வரைதான்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள், மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு லீவு மறுத்தார்கள். இரண்டு குழந்தை விதியைக் காரணம் காட்டினார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று சொல்லி அவருக்கு லீவு தரச் சொன்னது. அது அரசு வேலை வழக்கு. ஆனாலும் "மூணாவதா, போ" என்று முகத்தில் அடிப்பவர்களிடம் சொல்ல உதவும்.

திரும்பி வேலைக்கு வந்துட்டேன். பால் கட்டிக்குது. குழந்தைக்குப் பால் கொடுக்க நேரம் கேட்கலாமா?

கேட்கலாம், கேட்க வேண்டும். டீ டைம், சாப்பாட்டு நேரம் தவிர, தினமும் இரண்டு இடைவேளை பால் கொடுப்பதற்காக. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும்.

என் இரண்டாவது பிள்ளைக்கு நாலாம் மாதத்தில் வேலைக்குப் போனேன். பதினொரு மணி வாக்கில் மார்பு கல் மாதிரி ஆகும். ரவிக்கைக்குள் வெட்டுத்துணி மடித்து வைத்திருப்பேன், அதுவும் நனைந்து கட்டிங் பீஸில் சொட்டிவிடுமோ என்று பயம். பாத்ரூமுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று பிழிந்து கீழே விடுவேன். அங்கே பிள்ளைக்கு மாமியார் டப்பாப் பால் கரைத்துக் கொடுப்பார். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் பிள்ளை அழ, இங்கே பால் சாக்கடையில் போகும். கம்பெனியில் காப்பகம் என்று போர்டு மாட்டிய ஒரு ரூம் இருந்தது. அதற்குள் நூல் கோன் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

பிறகு வேறொரு கம்பெனியில் நிஜமாகவே தொட்டில் ரூம் பார்த்தேன். கூரைக் கொக்கியில் நாலு சேலைத் தொட்டில், பாய், பால் காய்ச்ச அடுப்பு, ஒரு ஆயா. அங்கே பெண்கள் வேலையை விட்டு நிற்கவே இல்லை. உங்கள் கம்பெனியில் போர்டு மட்டும் இருந்தால் தனியாகக் கேட்காதீர்கள். கைக்குழந்தைக்காரிகள் ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். கம்பெனியைச் சோதித்துப் பார்க்க ஆடிட் வருகிற வாரம் கேட்டால் இன்னும் நல்லது. அப்போதுதான் பெட்டிகள் நகரும்.

செக்கிங்ல நாள் முழுக்க நிக்கிறோம். ஸ்டூல் கேட்டா சிரிக்கிறாங்க.

தொழிற்சாலையில் நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி செய்ய வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே வந்துவிட்டது. கடைகளுக்கு அது இல்லாமல் இருந்தது. ஜவுளிக் கடை, நகைக் கடைப் பெண்களின் கால் வீக்கத்தைப் பார்த்து, 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தையும் திருத்தி உட்காரும் உரிமையைச் சேர்த்தார்கள். கேரளம் 2018இலேயே செய்துவிட்டது. சிரிக்கிறவர்களிடம் வருடத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

நான் வீட்டிலேயே பீஸ் எடுத்து அடிக்கிறேன். எங்க பவர் டேபிள்ல நாலே பேர். எனக்கு என்ன இருக்கு?

வீட்டில் தைப்பவர்களுக்கும், பவர் டேபிள் என்கிற சின்னத் தையல் இடங்களில் 10 பேருக்குக் குறைவாக இருப்பவர்களுக்கும், மேலே சொன்ன 26 வாரம் எட்டாது என்பதுதான் நிலைமை. இது எனக்கு ஆறாத மனக்குறை. கம்பெனியில் தைக்கிற அதே பனியனைத்தான் நீங்களும் தைக்கிறீர்கள்.

ஆனால் இரண்டு வழி உண்டு. ஒன்று, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துப் பெண்களுக்கு, 19 வயது ஆனவர்களுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு. மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு: 14,000 பணமாக, மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. மூன்று மாதத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி நம்பர், அதாவது கர்ப்பப் பதிவு எண், வாங்கிவிடுங்கள், தாமதித்தால் தவணை சிக்கலாகும். இன்னொன்று, தையல் தொழிலாளர் நல வாரியம். உறுப்பினர் ஆனால் மகப்பேறு உதவி கேட்கலாம். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் தனி வாரியம் இருக்கிறது. மாசமாவதற்கு முன்பே பதிந்திருப்பது நல்லது.

டீச்சருக்கு ஒரு வருஷம் லீவு, எனக்கு ஆறு மாசம். அவங்க பெத்தது மட்டும் பிள்ளையா?

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் 12 மாதம். அவர்களுக்கும் முன்பு 90 நாள்தான் இருந்தது, 2011இல் ஆறு மாதமாகி, 2016இல் ஒன்பதாகி, இப்போது ஒரு வருடம். ஒவ்வொரு படியும் கேட்டு வாங்கியது. அவர்களிடம் இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம், நமக்கும் வேண்டும் என்று கேட்போம். 1929இல் பம்பாய் மாகாணத்தில் ஆலைப் பெண்களுக்கு முதன்முதலில் மகப்பேறு சட்டம் வந்தபோதும், முதலாளிகளால் தாங்க முடியாது என்றுதான் பேச்சு. அந்த மசோதாவை ஆதரித்துச் சட்டசபையில் பேசியவர்களில் அம்பேத்கரும் ஒருவர்.

வீட்டுக்காரருக்கு லீவு உண்டா?

மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் உண்டு. தனியார் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. வர வேண்டும்.

மகளிர் தினத்துக்கு எங்க கம்பெனியில சேலை கொடுத்து, கேக் வெட்டி, அம்மாக்களைப் பத்திப் பேசறாங்க. அப்புறம் போய்ச் சண்டை போடறது நல்லாவா இருக்கு?

சேலையைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். கொடுப்பவர்களில் மனசாரக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் லீவுப் பணம் கேட்பது சண்டை இல்லை, நன்றி கெட்டதனமும் இல்லை. அடுத்த வருடம் மேடையில் பேசக் கூப்பிட்டால், அந்தத் தொட்டில் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இவ்வளவு கேட்டா நாளைக்குப் பொம்பளைங்களையே வேலைக்கு எடுக்க மாட்டாங்களே?

இதைப் பெண்களே கேட்கும்போது மனசு கனக்கிறது. இ.எஸ்.ஐ.யில் கம்பெனி கட்டுகிற 3.25 சதவீதம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். நீங்கள் பிரசவத்துக்குப் போனால் கம்பெனிக் கல்லாவில் இருந்து ஒரு ரூபாய் கூடுதலாகப் போவதில்லை. பனியன் கம்பெனிகளில் பெரும்பாலானவர்கள் 21,000க்குள் வாங்குகிறவர்கள். அப்புறம் என்ன நஷ்டக் கணக்கு?

சம்பளம் அதற்கு மேல் போகிற இடத்தில்தான் ஆறு மாதச் சம்பளமும் முதலாளி தலையில் விழுகிறது. சின்னக் கம்பெனிக்கு அது பாரம்தான், மறுக்க மாட்டேன். 2017இல் 26 வாரமாக்கியபோதே அரசு ஒரு பங்கை ஏற்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பாரத்துக்குப் பதில், பெண்ணை வீட்டுக்கு அனுப்புவதாக இருக்க முடியாது.

பழைய சட்டத்தை எடுத்துட்டாங்களாமே? அப்ப நீங்க சொன்னதெல்லாம் செல்லாதா?

செல்லும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. மகப்பேறு சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போயின. 26 வாரம், 80 நாள், 48 மணி நேரம், பால் இடைவேளை, 50 பேருக்குக் காப்பகம், நீக்கத் தடை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. "புதுச் சட்டத்துல கிடையாதும்மா" என்று யாராவது சொன்னால், எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

புகார் எங்க கொடுக்கறது? வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

பணம் இ.எஸ்.ஐ.யில் வர வேண்டியது என்றால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம். கம்பெனி தர வேண்டியது என்றால், தொழிற்சாலைக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை, கடைக்குத் தொழிலாளர் துறை அலுவலகம். மனுவோடு மேலே சொன்ன காலண்டர், சம்பளக் கவர் நகல்களை வையுங்கள். அசலைக் கொடுக்காதீர்கள்.

வக்கீலுக்குப் பணம் வேண்டாம். பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் சொல்வார்கள்.

எனக்கு இப்ப நாலாம் மாசம். இதெல்லாம் தலை சுத்துது. நாளைக்கு நான் என்ன பண்ணணும்?

நாளைக்கு மூன்றே வேலை. காலையில் வேலைக்குப் போகும் வழியில் உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டை இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள். கம்பெனியில் இன்சூரன்ஸ் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாதக் காலண்டரை இறக்கி, நினைவு இருக்கிற வரை பின்னால் போய் நாள்களைக் குறியுங்கள். பக்கத்து மெஷின்காரியையும் கூப்பிட்டு உட்கார வைத்தால் மறந்த நாள் நினைவுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். கடிதத்தைச் சேர்ந்து எழுதிக்கொள்ளலாம்.